ஸ்டெல்லா டீச்சர் வீட்டுப் பாதை

தார்ப் பாதை போடும் நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது மாதிரிப் பெட்டியைத் திறந்து காட்டினீர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அதில் நான்கு துண்டுகள்தான் இருந்தன. இப்போது பதினாறு. செங்கல் அடுக்கியதுபோல அச்சு அழுத்திய தார், மீன் செதில் அச்சு, செம்மண் நிறப் பூச்சு, சாம்பல் பூச்சு, ஓரத்தில் கருங்கல் பட்டை கட்டியது. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். கையை எடுக்க மனம் வரவில்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. தெருவில் எங்காவது சூடான தார் வாசனை வந்தால் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு இன்னமும் வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

உங்களில் ஒரு பெண், "மேடம், கஸ்டமர் எதை எடுக்கணும்னு எப்படிச் சொல்லுவீக?" என்று கேட்டாள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் அது இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

தவறுகள் நிறையச் செய்திருக்கிறேன். காளையார்கோவில் பக்கம் ஒரு வீட்டுக்காரர் கேட்டிலிருந்து முகப்பு வரை சிவப்பு நிறம் கேட்டார். மகள் கல்யாணத்துக்கு ஐந்தே நாள். தார் நன்றாக ஆறிய பிறகுதான் நிறப் பூச்சு பிடிக்கும் என்று தெரிந்தும், மனிதர் கெஞ்சினார் என்பதற்காகப் பூச வைத்தேன். கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் சிவப்புப் பாதங்களோடு கூடத்துக்குள் நடந்தார்கள். பந்தி விரிப்பு வரை சிவப்பு. அந்த வீட்டு அம்மாள் என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் போய்ச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினோம். சரியாகிவிட்டது.

சரியாகாத ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

காரைக்குடியிலிருந்து அமராவதிபுதூர் போகும் சாலையில் ஒரு வீடு. கேட்டிலிருந்து முகப்புக்கு நாற்பது தப்படி இருக்கும். அதில் ஸ்டெல்லா டீச்சர் தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். நாற்பத்தைந்து வயதில் முதுகுத்தண்டில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நான் பார்த்தபோது வயது ஐம்பத்தெட்டு. சக்கர நாற்காலியைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு வீடு முழுக்கப் போய்வருவார். சமையலுக்கு வரும் பாக்கியம் காலையில் வந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார்.

மலேசியாவில் இருந்த தம்பி ஜெரால்டு தன் மகளின் நிச்சயதார்த்தத்தை அந்த வீட்டில் வைக்க முடிவு செய்து, வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பழைய கம்பிக் கேட்டை எடுத்துவிட்டுத் தகடு அடித்த புது கேட் போட்டாயிற்று. மண் பாதையைத் தார்ப் பாதையாக்கி அழகுபடுத்தும் வேலை எங்களுக்கு வந்தது.

மாதிரிப் பெட்டியோடு நான் போன அன்று, ஜெரால்டு போனில் முகம் காட்டிப் பேசினார். டீச்சர்தான் போனை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். தேன் நிறத்தில் பொடிக்கற்களைத் தாரின் மேல் தூவி உருட்டிய துண்டை எடுத்துக் காட்டினேன். அந்தச் சமயத்தில் எனக்கு அதன்மேல் ஒரு மோகம். காரைக்குடிப் பக்கம் யாரும் போடாத வேலை, முதல் ஆளாகப் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை.

"இதேதான் மேடம்! இங்க பெரிய வீடுகள்ல எல்லாம் இதுதான். கார் ஏறுனா ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்காகவே போடலாம்" என்றார் ஜெரால்டு.

"அக்கா போக வரச் சரியா இருக்குமா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு.

"அக்கா எங்க வெளிய போகுது? கோயிலுக்குப் போனாலும் கார் முகப்புக்கே வந்து ஏத்திக்கிரும்."

டீச்சர் சிரித்தார். மாதிரித் துண்டை வாங்கி விரலால் தடவினார். இரண்டு கற்கள் உதிர்ந்து மடியில் விழுந்தன.

"இது நல்லா ஒட்டிக்கிருமா செல்வி?"

"முதல்ல கொஞ்சம் உதிரி கிடக்கும் டீச்சர். கார் ஏற ஏற இறுகிரும். மிச்சத்தை நாங்களே வந்து கூட்டி எடுத்துருவோம்."

"எத்தனை நாள்ல?"

"ஒரு மாசம் வச்சுக்கங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். நிச்சயதார்த்த நாளை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மண் பாதையில் முகப்பிலிருந்து கேட் வரைக்கும் ஒல்லியாக இரண்டு தடங்கள் இருந்தன. வருடக் கணக்காக ஒரே இடத்தில் ஓடி, மழைக்கும் கரையாமல் இறுகிப்போன தடங்கள். வேலை தொடங்கிய நாளில் அவற்றைப் பார்த்தேன். மண் வெட்டும் வண்டிக்காரரிடம், "அதையும் சேர்த்துச் சமப்படுத்திருங்க" என்று சொன்னது நான்தான்.

வேலை மிக அழகாக வந்தது. சாயங்கால வெயிலில் அந்தப் பாதை தேன் ஊற்றியதுபோல இருந்தது. எங்கள் கான்ட்ராக்டர் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு உதிரிக் கல் கூட்டுவதற்காக ஆட்களோடு காலையில் போனேன். டீச்சர் முகப்பின் விளிம்பில் நாற்காலியில் இருந்தார். வலது முழங்கையில் பெரிய சிராய்ப்பு, கறுத்துப் போயிருந்தது.

"என்ன டீச்சர் கையில?"

"ஒண்ணுமில்ல, இடிச்சுக்கிட்டேன்" என்று உள்ளே போய்விட்டார்.

பாக்கியம் கையில் விளக்குமாற்றோடு என் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தார். "இடிச்சுக்கிட்டாகளாம்! விழுந்து கிடந்தாகம்மா. இந்தக் கல்லுலதான். வெள்ளிக்கிழம சாயங்காலம் பால்காரர் வந்து தூக்கி உக்கார வச்சிருக்காரு."

"இங்க எதுக்கு வந்தாக?"

"கேட்டுக்குத்தான். தினமும் நாலரை மணிக்கு அக்கா கேட்டுக்குப் போகும். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பாக்கியம் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் டவுன் பஸ் ஒன்று என்ஜின் சூடாகி அந்த வீட்டு எதிரில் நின்றுபோயிருக்கிறது. டீச்சர் கிணற்றடியிலிருந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப்போய் சீட்டில் இருந்த டிரைவருக்குக் கண்டக்டர் கையில் தண்ணீர் கொடுத்தனுப்பியிருக்கிறார். மறுநாள் அதே நேரம் அந்த பஸ் கேட் அருகே மெதுவாகி, ஆரன் அடித்து, நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாக அன்றைய மாலைப் பேப்பரை நீட்டினார். அந்த இடத்தில் பஸ் நிறுத்தம் கிடையாது. ஆனாலும் அதற்குப் பிறகு அவருக்கு டியூட்டி உள்ள ஒவ்வொரு நாளும் அங்கே பஸ் அரை நிமிடம் நின்றது. அவர் பேப்பரைக் கொடுப்பார். டீச்சர் மோர்ச் செம்பை நீட்டுவார். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். "வரேன் டீச்சர்." "பாத்துப் போங்க டிரைவர் சார்." அவ்வளவுதான் பேச்சு. அந்த வழியாக வழக்கமாகப் போகிறவர்கள் யாரும் அந்த அரை நிமிடத்துக்கு முணுமுணுத்தது இல்லையாம்.

"போன வெள்ளிக்கிழமையோட அவருக்கு வேலை முடிஞ்சிருச்சு. ரிட்டயரு. ஊருக்குப் போயிருவேன்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு. அன்னைக்காச்சும் எப்படியாச்சும் போயிரணும்னு அக்கா தனியாக் கிளம்பியிருக்கு. அந்தா, அந்த எடத்துல முன் சக்கரம் கல்லுக்குள்ள பொதஞ்சு, ஆளு கவுந்திருச்சு. பஸ்ஸு வந்து நின்னு மூணு வாட்டி ஆரன் அடிச்சிருக்கு. அக்கா கூப்புட்ருக்கு. இந்தப் புதுக் கேட்டுல அங்குட்டு இருக்கிறது இங்குட்டுத் தெரியாது. என்ஜின் சத்தத்துல கேக்கவும் இல்ல. போயிருச்சு."

பாக்கியம் காட்டிய இடம் முகப்பிலிருந்து எட்டுத் தப்படிகூட இல்லை.

நான் அங்கேயே நின்றேன். உதிரிக் கல்லைக் கூட்டிக்கொண்டிருந்த ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நாங்கள் போட்டதிலேயே அழகான வேலை என் காலடியில் கிடந்தது. அதை அப்படியே பெயர்த்து எடுத்துவிட வேண்டும் போல ஓர் ஆத்திரம் வந்தது. அன்று கோட்டையூரில் எங்கள் ஆட்கள் சாலை வேலையில் இருந்தார்கள். போன் செய்தேன். லாரியில் சூடான கலவை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, திருப்பி அனுப்பப் போகிறோம் என்றார்கள். லாரியையும் சின்ன ரோலரையும் இங்கே கொண்டுவரச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன்.

"நிச்சயத்துக்கு நாலு நாளு இருக்கு செல்வி. அந்த ஆளு போட்டோவைப் பாத்துட்டு சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பியிருக்காரு. நீ நடுவுல கறுப்பா ஒரு கோடு போடுறேங்கிற!"

"லாரி கிளம்பிருச்சு சார்."

"அப்புறம் எதுக்கு என்னையக் கேக்குற?" என்று வைத்துவிட்டார். அவர் சம்மதித்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

லாரி வந்ததும் ஆட்களை நடுப் பாதையில் இறக்கினேன். கற்களைச் சுரண்டி ஒதுக்கத் தொடங்கினார்கள். சத்தம் கேட்டு டீச்சர் வெளியே வந்தார்.

"என்ன செய்றாக?"

"உங்களுக்கு ஒரு வழி போடுறோம் டீச்சர். வழவழன்னு. இன்னைக்குச் சாயங்காலமே நீங்க போகலாம்."

"யாரைக் கேட்டுப் போடுற?"

"உங்களுக்காகத்தான் டீச்சர்…"

"ஜெரால்டு எனக்காகத்தான் வீட்டைப் புதுசாக்குனான். நீ எனக்காகத்தான் கல்லு போட்ட. இன்னைக்கும் எனக்காகவா?"

குரல் உயரவே இல்லை. கரும்பலகை முன்னால் நிற்க வைத்து, எந்த வரியில் கணக்குத் தப்பியது என்று காட்டுவதுபோலச் சொன்னார். ஆட்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ரோலர் ஓட்டுகிறவர் லாரிப் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து என் காதருகே, "மேடம், அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல கட்டி தட்டிரும். போடுறதா இல்லையான்னு சொல்லிருங்க" என்றார்.

நம் வேலையில் இந்த அரை மணி நேரம் உங்களுக்கும் வரும். கலவை ஆறிக்கொண்டிருக்கும், ஆட்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், ஏதாவது ஒன்றைச் செய்துவிடச் சொல்லிக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. அவர் கோபம் பிறகு ஆறிவிடும், இப்போது போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு வந்த வேகத்தைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது. ரோலர்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்குப் பத்துத் தடவை வந்திருப்பேன். அவர் கண்ணுக்கு நேராக என் கண் வந்தது அன்றுதான் முதல் முறை.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர். ரெண்டு தடவையும். நீங்க சொல்லுங்க. வேண்டாம்னா லாரியைத் திருப்பிருவேன்."

அவர் நாற்காலியைத் திருப்பினார். கேட்டைப் பார்த்தார். பாதையின் இரண்டு ஓரங்களையும் பார்த்தார். எனக்கு லாரியின் மேல் எழும் ஆவி குறைந்துகொண்டே வருவது மட்டும் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருப்பதற்கு நான் அன்று பட்ட பாடு வேறு எந்த வேலையிலும் பட்டதில்லை.

"நடுவுல வேண்டாம்" என்றார் கடைசியில். "கார் வந்தா நான் ஒதுங்கிக்கிட்டே இருக்கணும். அந்தா அங்குட்டு, வேம்பு ஓரமாப் போடு. நாலரை மணி வெயிலுக்கு அங்கதான் நிழலு விழும்."

"அகலம் டீச்சர்? நாற்காலி போற அளவு போதுமா?"

"ஒருத்தர் பக்கத்துல நடந்து வர்ற அளவுக்கு."

யார் என்று நான் கேட்கவில்லை.

அவரே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "ஜெரால்டு, உன் கல்லு ரொம்ப அழகா இருக்கு. ஆனா அதுல எனக்குப் போக முடியல. ஓரமா எனக்கு ஒரு பாதை போடச் சொல்லியிருக்கேன். உன்கிட்ட கேக்கல, சொல்றேன்."

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?" என்று ஜெரால்டு கேட்டது எனக்கும் கேட்டது.

"நீ ஆசையாக் காட்டுன. வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

இருந்த நேரத்துக்குள் போட்டு முடித்தோம். வேம்பின் வேர் இருந்த இடத்தில் கொஞ்சம் வளைத்துப் போட வேண்டியிருந்தது. அச்சு, நிறம், ஓரப்பட்டை எதுவும் இல்லாத வெறும் கறுப்புத் தார். மறுநாள் சாயங்காலம் டீச்சர் அதில் இறங்கினார். நான் பக்கத்தில் நடந்தேன். பாக்கியம் முன்பே கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நாலரை மணிக்கு பஸ் வந்தது. புது டிரைவர். சின்ன வயசு. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகம் குறைக்காமல் போய்விட்டார். தூசி அடங்கும் வரை டீச்சர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிப்போவுல கேட்டா அவர் ஊரு எதுன்னு சொல்லிருவாக டீச்சர். விசாரிக்கவா?"

"வேண்டாம் செல்வி. இன்ன ஊருன்னு தெரிஞ்சா, நான் நாள் பூரா அந்தத் திசையவே பாத்துக்கிட்டிருப்பேன். இப்பத் தெரியாததால, சும்மா ரோட்டைப் பாக்குறேன்."

அன்று காலையிலேயே நான் டிப்போவுக்குப் போய் விசாரித்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. கேட்காமல் செய்த மூன்றாவது காரியம்.

அதற்குப் பிறகு மூன்று வருடம், வாரத்துக்கு இரண்டு நாளாவது வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவேன். டீச்சர் நாற்காலியை மெதுவாகத் தள்ளுவார், நான் பக்கத்தில் நடப்பேன். நான் எங்கெங்கே என்ன போட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள், "அந்த வீட்டுல யாரெல்லாம் இருக்காக?" என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வருவேன். அந்த அகலம் எனக்காக விடப்பட்டது இல்லை என்று தெரிந்துதான் அதில் நடந்தேன். நாற்பது தப்படி போக, நாற்பது தப்படி வர. என் வேலைக் காலத்தில் எதை மறுபடி கொடுத்தால் வாங்கிக்கொள்வாய் என்று யாராவது கேட்டால், அந்த எண்பது தப்படிகளைத்தான் கேட்பேன்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் டீச்சருக்குத் தெளியவே இல்லை. கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்த மறுநாள், பாக்கியம் என் வீட்டுக்கு ஒரு துணிக்கடைப் பையோடு வந்தார். "அக்கா பீரோவுல இருந்துச்சு. அந்த டிரைவருக்காகக் கடைசி நாளுல குடுக்கணும்னு வாங்கினது. அக்கா சொன்ன அளவுக்கு நாந்தான் கடைக்குப் போயி எடுத்துட்டு வந்தேன். இதை நான் என்னம்மா செய்றது?"

டீச்சர் வேண்டாம் என்று சொன்னது அவர் இருந்த வரைக்கும்தான் என்று நானாக ஒரு நியாயம் வைத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை காளையார்கோவிலுக்கு அப்பால் இருந்த அந்த டிரைவரின் ஊருக்கு பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு வாசலில் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "டீச்சர் நல்லா இருக்காகளா?" என்றார். நான் சொன்னேன். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "பேப்பர் வாங்குற டீச்சரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார்.

"கடைசி நாளு போயிருந்தேம்மா" என்றார் அவர். "கேட்டு புதுசா இருந்துச்சு, தகடு அடிச்சு. அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு வாரமா ஆளக் காணோம். மூணு தடவ ஆரன் அடிச்சேன். வீட்டைக் குடுத்துட்டுத் தம்பிகூடப் போயிட்டாக போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அந்தக் கேட்டுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று சொன்னேன். கல் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் இறங்கிப்போய்க் கேட்டைத் தள்ளிப் பாத்திருக்கலாம்ல. பஸ்ஸுக்குள்ள அம்பது பேரு" என்றார். பிறகு, "அதுக்கப்புறம் ரெண்டு தடவ அதே பஸ்ல வந்தேன். டிக்கெட் எடுத்து, ஜன்னல் பக்கமா உக்காந்து. ஒரு தடவ கேட்டு திறந்துதான் கிடந்துச்சு."

"இறங்கிப் பாத்திருக்கலாமே?"

"எப்படிம்மா? அங்க ஸ்டாப் இல்லையே."

பையை அவரிடம் கொடுத்தேன். உள்ளே வெளிர்நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை. பதினோரு வருடமும் அவரைக் காக்கியில் மட்டுமே பார்த்தவர் வாங்கிய சட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் தலை குனிந்திருந்தார்.

"போட்டுப் பாருங்க" என்றார் அவர் மனைவி. "தூரத்துல இருந்து கொண்டுவந்திருக்காகல்ல."

உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல உயரமான மனிதர். சட்டை இடுப்புக்குக் கீழே நான்கு விரல் குறைவாக நின்றது. அவர் நின்று டீச்சர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த அம்மாள் அருகில் வந்து சட்டையின் கீழ்முனையைப் பிடித்து இரண்டு முறை இழுத்துவிட்டுப் பார்த்தார். அது எட்டவில்லை.

"இருக்கட்டும்" என்றார் அவர். "தோளு சரியா இருக்கு."